நிர்வாகியைக் கேட்கவும்

தி.நகர் பட்டுக்கடையில் சேலை மடிக்கிற பெண்ணை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேற்கு மாம்பலம் ஸ்வர்ணலதாவும் பல வருஷம் அப்படி மடித்துக்கொண்டிருந்தவள்தான். ஆனால் கெட்டிக்காரி. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கடையிலிருந்த பட்டுச் சேலைகளையெல்லாம் எக்ஸெல்லில் ஒரு பட்டியலாக்கிவிட்டாள். அதில் ஒரு பெயரைத் தட்டினால் கடையின் இணையதளம் திறந்து, அந்தச் சேலை பெரிய டிவியில் விரியும். முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அரை மனதாக அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்.

விஜயதசமியன்று கொட்டிவாக்கத்துக் கல்யாண வீட்டார் பட்டெடுக்க வருவதாக இருந்தது. காலையில் ஒத்திகை பார்க்கலாமென்று ஸ்வர்ணலதா ஒரு பெயரைத் தட்டினாள். சேலை வரவில்லை. தடை இருப்பதால் திறக்க முடியாது, நிர்வாகியைக் கேட்கவும் என்று ஓர் அறிவிப்புதான் வந்தது. எதைத் தட்டினாலும் அதே பல்லவி.

"அண்ணாச்சி, இதுல தடை கிடை ஏதாச்சும் போட்டீங்களா? நிர்வாகியக் கேளுன்னு சொல்லுது."

"நிர்வாகி நான்தானம்மா! நான் எதுக்குத் தடை போடுதேன்?" அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவங்க வாரதுக்குள்ள இது ஓடலன்னா, நீ பழையபடி மடிக்கப் போயிரு."

அவளுக்கு அழுகை முட்டியது. மடிக்கிற மேஜையைத் திரும்பிப் பார்த்ததும் அந்த அழுகை வைராக்கியமாகிவிட்டது. பட்டியலிலிருந்த முகவரியை நகலெடுத்து, பிரவுசரைத் திறந்து அதில் நேராக ஒட்டிப் பார்த்தாள். சேலை ஜம்மென்று வந்தது! அப்படியானால் முகவரியும் சரி, இணையமும் சரி. பட்டியலுக்குத்தான் எந்தப் பிரவுசரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, இதுல ரெண்டு பிரவுசர் இருந்துச்சே. இன்னொண்ணு இன்னா ஆச்சு?"

அண்ணாச்சி மீசையைத் தடவினார். "ஆயுத பூசைக்குக் கடையெல்லாம் துடைச்சோம்லா? கம்ப்யூட்டரையும் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன். ஒரு வீட்டுக்கு ரெண்டு வெளக்குமாறு எதுக்குன்னு ஒண்ணத் தூக்கிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான்! பட்டியல் இத்தனை நாளும் அந்த விளக்குமாற்றைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இல்லாத ஆளைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

ஸ்வர்ணலதா செட்டிங்ஸுக்குள் போய், இனி இணைப்புகளெல்லாம் மிச்சமிருக்கும் பிரவுசரில் திறக்கட்டும் என்று மாற்றி வைத்தாள். எக்ஸெல்லை மூடித் திறந்தாள். சாமியை வேண்டிக்கொண்டு தட்டினாள். மயில்கழுத்துப் பட்டு சுவர் நிறைய விரிந்தது.

"தொறந்துக்கிச்சு!"

அவள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சியே பூஜைக் குங்குமத்தை எடுத்துவந்து கம்ப்யூட்டருக்கு இன்னொரு பொட்டு வைத்தார்.

கல்யாண வீட்டார் வந்தார்கள். அவர்கள் கேட்கக் கேட்க ஸ்வர்ணலதா தட்டித் தட்டிக் காட்டினாள். முகூர்த்தப் புடவை முதல் நாத்தனார் புடவை வரை உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துபோனது. மணப்பெண் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த விற்பனையாளர் மகேஷ், கல்லாவில் இருந்தவரிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்தக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் ஸ்டாக் பாத்துக்கவா?"

அண்ணாச்சி நிமிராமலே ஸ்வர்ணலதாவின் நாற்காலியைக் காட்டினார்.

"என்ட்ட எதுக்குலே கேக்க? நிர்வாகியக் கேளு."