திரைச்சீலையில் ஓர் ஓட்டை

அத்தான் இறந்தபின் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டார வீட்டில் தனியாகத் தூங்கும் அக்காவுக்காக, பழைய துணிகளை ஒட்டுப்போட்டுக் கம்பளி உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றான பழைய நீலத் திரைச்சீலையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சாம்பிராணி வாசனை குப்பென்று எழுந்தது. தஞ்சோங் பகாரில், இப்போது இடித்துவிட்ட எங்கள் ஓரறை வீட்டில், அந்தச் சீலைதான் சுவர். அந்தப்பக்கம் அக்கா, இந்தப்பக்கம் நான், கீழே துறைமுக லாரிகள் உறுமிக்கொண்டே போக, நான் பயந்து புரளும்போதெல்லாம் சீலையின் ஓட்டை வழியாக அவள் விரல் நீளும், அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

தைத்துக் கொடுத்த உறையை விரித்துப் பார்த்த அக்கா, "இங்க பாரு லா, ஓட்டைய அடைக்காம விட்டுட்ட" என்றாள்.

உறைக்குள் கையை விட்டு, அந்த ஓட்டை வழியாக விரலை நீட்டினேன்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.