நீலப் பொட்டு வைத்த போர்டு

போன வாரம் எங்கள் டிவி இருட்டாகிவிட்டது. தம்பானூரிலிருந்து மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றினார். ஒரு இடத்தில் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி வைத்துப் பார்த்தார். குங்கிலியம் போல அந்தப் புகை மணம். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"அங்கிள் என்னத்தையாக்கும் தேடுறாரு?" என்றார் மெக்கானிக். எனக்குத் தெரியும். சொல்ல வெட்கம்.

கல்யாணத்துக்கு முன்பு நான் டிவி கம்பெனியில் ஈயம் வைக்கிற வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு முழு டிவி எப்படிப் புரியும்? புரிய வேண்டியதும் இல்லை. சின்ன டிவியோ பெரிய டிவியோ, அடிச்சட்டம் ஒன்றேதான். அதில் செருகுகிற போர்டுகள் தனித்தனி. என் பங்கு சத்தம் வருகிற போர்டு. முடித்ததும் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும், ஆளுக்கு ஒரு நிறம். எனக்கு நீலம்.

டிவி கெட்டால் சர்வீஸ்காரர் வீட்டுக்கே போய், கெட்ட போர்டை மட்டும் உருவிவிட்டுப் புதுசைச் செருகுவார். பழையது கம்பெனிக்குத் திரும்பும், யார் தப்பு என்று காட்டுகிற பொட்டையும் சுமந்துகொண்டு. மாதத்தில் மூன்று திரும்பினால் வேலை போய்விடும். என் வேலையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

எனக்கு இரண்டு வந்தாயிற்று. மூன்றாவதைக் கொண்டுவந்த சர்வீஸ்காரர் சூப்பர்வைசர் மேடத்தின் மேசைக்குப் போகவில்லை. காண்டீன் வாசலில் என்னிடம் வந்தார்.

"நீலம் நீங்கதானே? ஒரு கம்பிக்காலு ஈயத்துல சரியாப் பிடிக்கல்ல. நான் ஒட்டிட்டேன். மேடத்துக்கிட்ட சொல்லண்டாம், கேட்டியளா."

நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் முதல் பயத்தில் ஈயத்தை அள்ளி வைத்தேன். இரண்டு கால்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இன்னொரு போர்டும் கெட்டு அவர் கைக்கே வந்தது. பக்கத்து இருக்கை லீலா விடுவாளா?

"ஏட்டி, அவரு வரணும்ணுதானே இப்படி ஊத்துறே?"

இல்லை. பெரும்பாலும் இல்லை.

என்னைப் பார்ப்பதற்கு முன்பே என் பொட்டைத் தெரியும் என்று எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னார். எல்லாரும் நடுவில் வைப்பார்களாம், நான் மட்டும் ஓரத்தில் ஒளித்து வைப்பேனாம்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. லீலா எங்கே என்றும் தெரியாது. இந்த டிவியில் உருவி மாற்ற ஒன்றும் கிடையாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொல்லி மெக்கானிக் பின்மூடியைத் திருகி மாட்டினார்.

இவர் அதற்குள் நாலு ஓரமும் பார்த்துவிட்டிருந்தார்.

"ஒருத்தியும் பொட்டு வைக்கல்லையே" என்றார், என் பக்கம் திரும்பி.