மெடிகலில் அன்ஃபிட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம். வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்ப்பதற்காக பெங்களூரிலிருந்து நார்வேயின் வடகோடிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, ஆபீஸ் நண்பர்கள் இருவர், அவர்களுடைய மனைவிமார்.

உண்மையில் அந்த ஆசை அப்பாவுடையது. கோலார் தங்கவயலில் முப்பது வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். இப்போது பெங்களூர் தொம்மலூரில் எங்களோடு இருக்கிறார். போனில் ஒருநாள் அந்த ஒளியின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சுதான். நான் பயணம் பற்றி வாய் திறந்ததுமே, "ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கினா தாங்கும் இல்லப்பா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அவரை அழைத்துப்போக இஷ்டமில்லை. குளிரில் அவருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை என்று எழுதினால் நல்ல மகனாகிவிடுவேன். அது இல்லை. அவர் இருமுவார், துப்ப இடம் தேடுவார், சாப்பாட்டில் குறை சொல்வார். நண்பர்கள் முன்னால் எனக்கு அது கூச்சம். டாக்டரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அதனால் ஒரு பொய் சொன்னேன். "டூர்காரங்க மெடிகல் கேக்குறாங்கப்பா. எழுபது தாண்டினா அன்ஃபிட்டாம்."

எந்தப் பொய் அவரிடம் எடுபடும் என்று தெரிந்தே சொன்னேன். சுரங்கத்தில் மெடிகல் பரிசோதனையில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் யாரும் வாதாட மாட்டார்கள். தலையில் மாட்டும் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "அன்ஃபிட்டுன்னா அன்ஃபிட்தான். நீங்க போயிட்டு வாங்க" என்றார் அப்பா. கிளம்பும்போது தன் குரங்குக் குல்லாவை என் பையில் திணித்துவிட்டார்.

அங்கே எங்கள் வேனில் ஹுப்ளியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கையில் ஊன்றுகோல், பையில் ஆஸ்துமா பம்ப். அவருடைய மகள் கைபிடித்து ஏற்றுவார், இறக்குவார். குளிர் தாங்காதபோது வேனிலேயே உட்காரவைத்து, கண்ணாடி வழியாக வானத்தைக் காட்டுவார். அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. உங்கள் அப்பா வரவில்லையா என்று பெரியவர் என்னைக் கன்னடத்தில் கேட்டார். உடம்பு சரியில்லை என்று அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

மூன்று நாள் ஒரே மேகம். நான்காம் இரவு மேகம் விலகி, மலைக்கு மேலே அந்தப் பச்சை ஒளி அசைந்தது. பெரியவர் வாய்விட்டு அழுதார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் என்னால் நிமிர்ந்து ரசிக்க முடியவில்லை.

அப்போதும் புத்தி வரவில்லை. வேனில் வந்த எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோவை, பழக்க தோஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நடுவில் ஊன்றுகோலோடு பெரியவர். சித்தப்பா, அத்தை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அப்பாவிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அப்பா தன் போனை நீட்டினார். போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இவருக்கு என்னா வயசுப்பா?"

"எழுபத்தெட்டு."

"மெடிகல்ல பாஸா?"

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். "சரி வுடு. கை கால் கழுவிக்கினு வா, சோறு ஆறுது" என்று உள்ளே போய்விட்டார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும்போதெல்லாம் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டால், நான் பேசுவதற்குள் "மெடிகல்ல அன்ஃபிட் ஆக்கிட்டாங்க" என்று அவரே முந்திக்கொள்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற என் பொய்யை என் அப்பா சொல்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.