கூமாப்பட்டி சிக்னல்

சொல்லவே கூசுது. ஆனாலும் இதைச் சொல்லாம வேற எதைச் சொன்னாலும் அது பொய்யாத்தான் இருக்கும்.

பூகம்பத்துக்கு முன்னால பூமிக்கடியில பாறை நெரிபடும்போது மெலிசா மின்காந்த அலை கிளம்பும்னு ஒரு எண்ணம் உண்டு. இன்னும் யாரும் நிரூபிக்கலை. அதைத் தேடுறதுதான் என் ஆராய்ச்சி. மேலே போற செயற்கைக்கோளோட பதிவையும் கீழே தரைநிலையத்தோட பதிவையும் வச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும். சொந்த ஊர் ராஜபாளையம்ங்கிறதால, நிலையத்தைக் கூமாப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு தென்னந்தோப்புல நான்தான் வச்சேன். பெருசா நினைச்சுராதீங்க. குழிக்குள்ள புதைச்ச கம்பிச்சுருள், ஒரு பேட்டரி, ஒரு சோலார் தகடு, அம்புட்டுதான்.

அதைப் பார்த்துக்க அந்த ஊர் அக்கா ஒருத்தங்களை வேலைக்குப் போட்டோம். இரும்பு பக்கத்துல வந்தா பதிவு கெட்டுரும்னு ஒரே தடவைதான் சொன்னேன். அன்னையிலேருந்து அரிவாள், மம்பட்டி, சைக்கிள் எல்லாத்தையும் தோப்பு வாசல்லயே விட்டுட்டு, கொண்டை ஊசியைக்கூடக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ளே போவாங்க. ஊர்ல அவங்களை 'ஸ்டேஷன் அக்கா'ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அதுல அவங்களுக்கு எம்புட்டுப் பெருமை! தினமும் காலையில வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புவாங்க. பேட்டரி, மழை, தோப்புக்குள்ள மாடு புகுந்தது எல்லாம் அதுல இருக்கும். ரெண்டு மாசம் கேட்டேன். பொறவு கேட்காமலே கட்டைவிரல் படத்தைப் போட்டு விட்டுருவேன். படிச்ச திமிரு, வேற என்ன.

ஒரு நாள் சாயங்காலம் பதிவு எகிறிச்சு. அன்னையிலேருந்து தினம் இருட்டுனா ஏறும், விடிஞ்சா இறங்கும். பகல்ல பம்புசெட்டு இரைச்சல்ல அமுங்கிருதுன்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். அந்த வாரமே செயற்கைக்கோள் பதிவுலயும் ஒரு சின்ன நெளிவு. பத்து நாள் கழிச்சு கடலுக்குள்ள எங்கேயோ ஒரு நிலநடுக்கம். எனக்குத் தலைகால் புரியலை. மூணையும் முடிச்சுப் போட்டுக் கட்டுரை எழுதி அனுப்பிட்டேன்.

மதுரையில ஒரு கூட்டத்துல அதையே காட்டினேன். வந்திருந்த ஒரு விஞ்ஞானி அம்மா, நிமிஷக் கணக்குச் சராசரியை விட்டுட்டு மூலப் பதிவைப் போடச் சொன்னாங்க. போட்டேன். நொடிக்கு ஒண்ணா, வரிசை பிசகாம ஒரு துடிப்பு. பூமி என்ன கடிகாரம் பார்த்தா துடிக்கும், பக்கத்துல மின்வேலி ஏதும் இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. அங்கேயிருந்தே தோப்புக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இருந்துச்சு. பக்கத்துத் தோப்புல காட்டுப்பன்னிக்காகப் போட்ட சோலார் வேலி. சாயங்காலம் போடுவாங்க, காலையில அமத்துவாங்க.

அங்கே இருக்கிற ஆள் இதைச் சொல்லலையான்னு என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற பேராசிரியர் கேட்டார். எல்லாரும் என்னையே பார்க்காங்க.

"சொல்லலை சார்."

அது பொய்னு அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் மெனக்கெடலை. அந்த மாசத்தோட அக்காவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

மனசு உறுத்திக்கிட்டே இருக்க, ரெண்டு வாரம் கழிச்சு பழைய வாய்ஸை எல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டேன். பதிவு எகிறின அன்னைக்குக் காலையிலேயே வந்திருக்கு. "தம்பி, பக்கத்துத் தோப்புல கரண்டு வேலி போட்டிருக்காக. இன்னைக்குச் சாயங்காலம் கரண்டு விடுவாகளாம். நம்ம மிசினுக்கு ஏதும் பண்ணுமான்னு கேட்டுச் சொல்லுங்க." அதுக்குக் கீழேயே என் கட்டைவிரல். என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி கூமாப்பட்டிக்குப் போனேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அக்காவே ஆரம்பிச்சுட்டாங்க. "நான் சொன்ன மாதிரிதான் ஞாபகம் தம்பி. ஆனா நீங்களே இல்லைன்னு சொன்னா, நான்தான் மறந்திருப்பேன்." வீட்டுக்காரரும் அதைச் சொல்லித்தான் தினமும் ஏசுதாராம்.

போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தன் குரலைத் தானே ரெண்டு தரம் கேட்டாங்க. கண்ணு கலங்கிருச்சு. என்னைத் திட்டுவாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். திட்டலை. "இத அவியகிட்டயும் போட்டுக் காட்டுங்க தம்பி" ன்னு மட்டும் சொன்னாங்க. பேராசிரியரைத்தான் சொன்னாங்க. கட்டாயம் காட்டுதேன்னு சொல்லிட்டு வந்தேன்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன். காரணம் மின்வேலின்னு எழுதினேன். அக்காவைப் பத்தி ஒரு வரி இல்லை. பேராசிரியர் அறை வாசல் வரைக்கும் மூணு தடவை போய்த் திரும்பியிருக்கேன். என் பட்டத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும். நிலையத்துக்கு இப்போ வேற ஆள் வந்தாச்சு. அக்கா தேங்காய் பொறுக்கக் கூலிக்குப் போறாங்க.

போன வாரம் அவங்ககிட்டேருந்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. காட்டிட்டீகளா தம்பின்னு கேட்டிருந்தாங்க. முழுசாக் கேட்டேன். இன்னும் பதில் சொல்லலை.