தண்ணீர்க் குப்பிக்குத் தைத்த பை

1. சுருங்கிய துணி

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தையல் அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். ஆபரேஷன் கவுன், தலையணை உறை, நோயாளிச் சட்டை, வயிற்றுக் கட்டு என்று எத்தனையோ தைத்திருக்கிறேன். அவற்றில் எதுவும் தனியாக நினைவில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தைத்த சில குப்பிப் பைகளை மட்டும் மறக்க முடியவில்லை. இப்போது தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். கடற்கரை ஊர்களில் காலரா. எங்கள் நர்சுகள் காலையில் புறப்பட்டு, மணலில் நடந்து, வீடு வீடாகப் போய் வருவார்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது என்று நர்சுகளுக்குத் தலைவியான மேட்ரன் அம்மா உத்தரவு போட்டிருந்தார். ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி. மருந்து வந்து காலியான கனத்த குப்பி அது. ஒரு கையில் மருந்துப் பெட்டி, மறு கையில் குடை. குப்பியை எந்தக் கையில் பிடிப்பது? தோளில் மாட்ட நான்கு பைகள் வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. புருஷன் இறந்து, மூன்று வயது மகளோடு வந்தவள். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்றிருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சருக்கு வாங்கிய புதுக் கான்வாஸில் மிச்சம் கிடந்தது. குப்பியைச் சுற்றி அளவெடுத்து, கச்சிதமாக வெட்டித் தைத்தேன். பார்க்க அழகாக இருந்தன. மறுநாள் சாயங்காலம் தங்கம்மா நர்ஸ் தையல் அறை வாசலில் வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வந்த நாள் முதல் என்னோடு பழகியவள்.

"ஏட்டி எஸ்தரு, இது குப்பிக்குப் பையா, இல்ல தோலா? உரிக்க முடியல்லியே!"

தண்ணீர் குளிர்ந்திருக்கட்டும் என்று பையை வெளியே நனைத்திருக்கிறாள். கஞ்சி போகாத கான்வாஸ் வெயிலில் காய்ந்து சுருங்கி, குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இருவரும் இழுத்துப் பார்த்தோம். கடைசியில் தையலைப் பிரித்துத்தான் குப்பியை எடுத்தோம். மேட்ரன் அம்மா வந்துவிட்டார்.

"துணிய நனைக்காமலா நீ வெட்டினா?"

"ஆமா அம்மா."

"ஒனக்குச் சட்டை தைச்சா நனைப்பியா?"

"நனைப்பேன் அம்மா."

"பெறவு இதுக்கு மட்டும் என்ன?"

மறுநாள் மத்தியானத்துக்குள் நான்கு புதுப் பை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. அறுந்த பட்டை

துணியை நனைத்து, காயப் போட்டு, இரண்டு விரல் லூஸ் விட்டு வெட்டினேன். அதற்கே நேரம் போய்விட்டது. அன்று காலையில் கிழிந்த படுக்கை விரிப்புகளை இணைக்க மெஷினில் பெரிய தையல் வைத்திருந்தேன். அதைச் சிறிதாக்கவில்லை. தோள்பட்டையைப் பையின் வாய் ஓரத்தில் இரண்டு பக்கமும் வைத்து, ஒரே ஓட்டமாக ஓட்டினேன். காலிக் குப்பியைப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். நின்றது. கொடுத்துவிட்டேன். தண்ணீர் நிறைந்தால் அந்தக் குப்பி மூன்றரை ராத்தல், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதை யோசிக்கவில்லை.

நான்காம் நாள் தங்கம்மாவை ஒரு மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. வெயிலில் மயங்கி விழுந்தாளாம். குப்பி எங்கே என்று மேட்ரன் அம்மா கேட்டதற்கு, "கை தவறிப் பாறையில போட்டுட்டேன் அம்மா" என்றிருக்கிறாள். கவனமில்லாதவளை வெளியே அனுப்ப முடியாது, இனி வார்டிலேயே வேலை பார்க்கட்டும் என்று முடிவானது. கடற்கரைக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். அவள் போன இரண்டு நாளும் சீக்கிரமே திரும்பிவிட்டாள். யாரும் கதவு திறக்கவில்லை என்றாள். இரண்டு மாதமாக நடந்து நடந்து தங்கம்மா சம்பாதித்த பழக்கம் அவளுக்கு எப்படிக் கிடைக்கும்?

வெளுத்து வந்த துணிகளை அடுக்கும்போது அந்தப் பை என் கைக்கு வந்தது. பட்டையின் ஒரு பக்கம் தனியே தொங்கியது. கான்வாஸில் வரிசையாக ஊசி ஓட்டைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. அறுந்த நூல் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கை தவறி விழுந்த பை இப்படி இருக்காது. என் தையல்தான் விட்டிருக்கிறது.

வார்டுக்குப் போனேன். தங்கம்மா ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பட்டை அறுந்துதானே விழுந்தது?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "மெல்லப் பேசு. இப்பம் அதுக்கு என்ன?"

"எனக்க தப்ப நீ எதுக்கு ஏத்துக்கிட்டா?"

"எனக்கு ரெண்டு ஏச்சு, அவ்வளவுதான். ஒனக்கு வேலையே போவும். பிள்ளைய வச்சிட்டு எங்கட்டி போவா? ஒண்ணும் பறயாத, போ."

நான் போய் மெஷினில் உட்கார்ந்தேன். அன்று ஒரு தலையணை உறைகூட முடிக்கவில்லை. மகளை நினைத்தால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. பையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலம் மணி அடிப்பதற்குமுன் அந்தப் பையை எடுத்துக்கொண்டு மேட்ரன் அம்மாவின் அறைக்குப் போனேன்.

3. ஆறு மைல்

அவர் பையை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். ஓட்டைகளை நகத்தால் தொட்டார்.

"இது நீயா பாத்ததா, தங்கம்மா சொன்னாளா?"

"நானே பாத்தேன் அம்மா. அவ சொல்லாண்டாம்னுதான் சொன்னா."

"தண்ணி ஊத்தித் தூக்கிப் பாத்தியா?"

"இல்ல அம்மா. காலிக் குப்பிதான்."

பையை மடித்து மேசையில் வைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"வேற பை தை. தைச்சு முடிச்சிட்டு நீயே தோளுல போட்டுக்க. தங்கம்மா கூட கடற்கரைக்கு நட. அறுந்தா ரெண்டு பேரும் தாகத்துல கெடங்க. அறாம வந்தா பாக்கலாம்."

இந்த முறை நிதானமாகத் தைத்தேன். பட்டையை வாய் ஓரத்தில் நிறுத்தாமல், ஒரு பக்கமாக இறக்கி, பையின் அடிவழியாகக் கொண்டுபோய், மறுபக்கம் மேலே ஏற்றினேன். கனம் முழுவதும் பட்டையில் உட்காரும், தையலை இழுக்காது. பட்டையின் இரு நுனிகளையும் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டேன். அடியில் இரண்டு கான்வாஸுக்கு நடுவே பழைய கம்பளித் துண்டு. நூலில் மெழுகு தேய்த்தேன். சின்னத் தையல். அப்படியும் இரண்டு ஊசி உடைந்தது.

நிறைந்த குப்பியோடு நடந்தேன். போக மூன்று மைல், வர மூன்று மைல். முதல் மைலிலேயே ஒன்று தெரிந்தது. பட்டை அகலம் போதாது, தோளை அறுத்தது. தங்கம்மா இதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கல்லியே" என்றாள்.

கடற்கரையில் அந்தோணியாள் என்ற அம்மாவின் வீட்டுக்குப் போனோம். தங்கம்மாவைக் கண்டதும் அவர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தங்கம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனபோது, அன்று நடந்ததை என்னிடம் சொன்னார். தண்ணீரை வெள்ளம் என்றும், கொதிக்க வைப்பதைத் தெளப்பிப்பது என்றும் சொல்கிற ஊர் அது.

"காலத்தே வெள்ளக் குப்பி ஒடஞ்சு போச்சாம். திரும்பிப் போவாம எல்லா வீடும் ஏறி எறங்கியிருக்கா. உச்சிக்கு இஞ்ச எனக்க வாசல்ல வந்து விழுந்தா. நான் கெணத்து வெள்ளத்த மோந்து கொண்டு வந்தேன். குடிக்க மாட்டேன்னுட்டா. எனக்குக் கோவம் வந்துது, கேட்டியா. எங்க கையால குடிச்சா ஒனக்கு எறங்காதோன்னு கேட்டுப் போட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"பேச எங்க சீவன் இருந்துது? அடுப்பக் கையக் காட்டினா. பாதி மயக்கத்துலயும் வாயத் தொறக்கல்ல மக்கா. அப்பந்தான் எனக்கு வெளங்கிச்சு. ரெண்டு மாசமா தெளப்பிச்சுக் குடி, தெளப்பிச்சுக் குடின்னு அவ பறஞ்சதெ நாங்க ஆரும் கேக்கல்ல. ஊரு முழுக்கப் பாத்துட்டு நிக்கி. அவ பச்சை வெள்ளம் குடிச்சிருந்தா நாங்க அண்ணைக்கே அவளெ நம்பாம விட்டிருப்போம். நான் அடுப்புப் பத்திச்சு தெளப்பிச்சுக் குடுத்தேன். சூடு தணியுமுன்னே குடிச்சா."

அந்த வீட்டு அடுப்பில் இப்போதும் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்றார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீர் ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே மனம் ஓடியது. நடந்த நல்லதெல்லாம் தங்கம்மாவின் பிடிவாதத்தால் நடந்தது. என் தையலுக்கு அதில் பங்கில்லை.

திரும்பி வந்து பையை மேட்ரன் அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் பட்டையைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"தோள் வலிக்கா?"

"வலிக்கி அம்மா. பட்டைய இன்னும் ரெண்டு விரல் அகலமாக்கணும்."

"ஆக்கு. நாளைக்குத் தங்கம்மாவுக்கு வேணும். மத்த மூணையும் இதுபோல மாத்து" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாதக் கடைசியில் நிரந்தரக் காகிதம் வந்தது.

காலியாகத் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. எதைச் சுமக்கப் போகிறதோ அதைப் போட்டு, சுமக்கப் போகிறவள் நடக்கும் தூரம் நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள். அதற்குப் பிறகு என்னிடம் யார் பை தைக்கக் கேட்டாலும், டேப்பை எடுப்பதற்குமுன் நான் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் நடப்பா?"