மடிப்புக்கு உள்ளளவு

அக்காவின் ரொட்டி சானாய் கடை மேசை விளிம்பைக் கவ்வும் எவர்சில்வர் உறை ஒன்று மடிக்க, ஜெலாப்பாங்கில் இருக்கும் தகடு மடிக்கும் பட்டறைக்குப் போனேன். அளவு பார்க்க மேசைப் பலகையில் ஒரு துண்டும் கையில் இருந்தது. அக்கா தந்த தகடு ஒன்றே ஒன்றுதான். தப்பாக மடித்தால் வீண்.

"மேசைப் பலகை கனம் இருபத்தஞ்சு மில்லி," என்றேன்.

"உறைக்கு உள்ளே இருபத்தஞ்சா, வெளியேயா?" என்றார் பட்டறைக்காரர்.

ஏதோ ஏமாற்றப் பார்க்கிறார் என்று தோன்றியது. "இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சுதான்லா அண்ணே. உங்க ஸ்கேல்ல மட்டும் மாறுமா?"

"தகடு ஒன்றரை மில்லி, ரெண்டு பக்கமும் சேர்த்தா மூணு. வெளியே இருபத்தஞ்சு வச்சா உள்ளே இருபத்திரண்டுதான். பலகைய பட்டினி போட்டு நுழைப்பியா?"

"அப்ப லேசா நுழையற மாதிரி உள்ளே இருபத்தாறு வைங்க."

"பலகைத் துண்ட வச்சிட்டு நாளைக்கு வா."

"துண்டு என் கையிலயே இருக்கட்டும். நான் இங்கேயே நிக்கிறேன்."

அவர் மார்க்கரை நீட்டினார். "தகட்டுல 'உள்பக்கம் இருபத்தாறு'ன்னு எழுதி கையெழுத்து போடு. அப்பறம் 'நான் அப்படி சொல்லவே இல்ல'ன்னு சாதிக்கிற மூஞ்சி உனக்கு."

போட்டேன். அவர் மடித்ததும் துண்டைச் செருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"கையெழுத்த அழிச்சிடலாமா அண்ணே?"

"மேசையில மாட்டினப்பறம் அழி," என்றபடி அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.