பொட்டு வைத்த வில்

பழவங்காடியில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்த குற்றாலலிங்கம் பிள்ளைக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் கடைக் குத்துவிளக்கு ஆடாமல் நிற்கும். இன்னொன்று, அவர் வில் குறி தப்பாது. முதலாவதைப் பற்றி ஊரார் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றி அவரே பேசுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

விஜயதசமிதோறும் கரமனை ஆற்றங்கரையில் வாழைத்தண்டை நட்டு, அதில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அம்பு எய்யும் பந்தயம் நடக்கும். ஆளுக்கு மூன்று அம்பு. வட்டத்துக்கு மிக அருகில் தைத்தவருக்கு ஒரு ஏத்தன்வாழைக் குலை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் குலை பழவங்காடிக்குத்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வேறு எந்த வில்லைக் கொடுத்தாலும் பிள்ளையின் அம்பு ஆற்றில் போய்க் குளித்துவிடும். அந்த ஒரு மூங்கில் வில்தான் அவருக்குக் கைகொடுத்தது.

"அகத்தியமலை மூங்கிலாக்கும். ஆளறிஞ்சு வேலை செய்யும்" என்பார்.

மனைவி பிச்சம்மாளுக்கோ அது வீட்டுச் சாமான்களில் ஒன்று, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் நிலைப்படிக்கும் அரிசிப்பானைக்கும் குங்குமம் வைக்கும்போது, சுவரில் தொங்கும் வில்லுக்கும் எட்டி ஒரு பொட்டு வைப்பாள். குள்ளமான பெண். கை எட்டிய இடம், பிடிக்கு ஒரு சாண் மேலே. வருஷமெல்லாம் பொட்டு அங்கேயேதான் இருக்கும்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்றில், ஐந்து முறை தோற்றுப்போயிருந்த கச்சேரி குமாஸ்தா நீலகண்டனுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளைவாள், அந்தப் பொட்டிலே என்னமோ மந்திரம் இருக்கு ஓய். துடைச்சுட்டு எய்யும், பாப்போம்!"

பிள்ளைக்கு மூக்கின்மேல் கோபம். "மந்திரமா? வித்தை இந்தக் கையிலயும் வில்லுலயும் இருக்குவே! தோத்தா வில்லை நீரே எடுத்துக்கிடும்!"

துண்டால் பொட்டை அழுத்தித் துடைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நீலகண்டனின் அம்பொன்று வட்டத்துக்கு நாலு விரல் கீழே தைத்தது. பிள்ளையின் முதல் அம்பு தண்டுக்கு மேலே பறந்தது. இரண்டாவது மணலில் செருகிக்கொண்டது. அதே வில், அதே கை. கண் மட்டும் மூங்கிலில் எதையோ தேடியது. எதை என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாவதும் தப்பினால் வில் இன்றே நீலகண்டன் வீட்டுக்குப் போய்விடும்.

பெண்களோடு நின்ற பிச்சம்மாள் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா வில்லை வெறும் நெத்தியா வச்சிருக்கியளே!" தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு, விரல் பழகிய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நீலகண்டன் வாயைத் திறந்தார். விஜயதசமியன்று ஒரு சுமங்கலி வைத்த பொட்டை அழிக்கச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மூடிக்கொண்டார்.

பிள்ளை மூன்றாவது அம்பைப் பூட்டி நாணை இழுத்தார். கண் நேரே பொட்டில் போய் நின்றது. பொட்டுக்கு நேராக வட்டம். விட்டார். சுண்ணாம்பின் நட்டநடுவில் அம்பு நின்று ஆடியது.

கரையே கூத்தாடியது. பிள்ளை மட்டும் பேயறைந்தது போல நின்றார். பன்னிரண்டு வருஷமாக, தெரியாமலே, அந்தப் பொட்டை வைத்துத்தான் குறி பார்த்திருக்கிறார்! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண் கலங்க, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"மந்திரமும் இல்ல, மலை மூங்கிலும் இல்லவே. இவ வச்ச பொட்டுதான் இம்புட்டு நாளும் செயிச்சிருக்கு."

"முன்னமே தெரிஞ்சிருந்தா குலையில பாதியப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே" என்றாள் பிச்சம்மாள்.

அதற்குப் பிறகும் ஏழெட்டு வருஷம் பிள்ளை பந்தயத்துக்குப் போனார். பிச்சம்மாள் தென்காசிக்குப் பிறந்த வீடு போயிருக்கும் நாட்களில் மட்டும் வில்லைத் தொடமாட்டார். வேறு யாராவது பொட்டு வைத்தால் ஆகாதா என்று கடைக்கு வந்தவர்கள் கேலி செய்வார்கள்.

"குறி பாக்குறவ ஊர்ல இல்லையேவே" என்று சொல்லிவிட்டு, குத்துவிளக்கைத் துடைக்கப் போய்விடுவார்.